எறும்பு கடிப்பது போல: சிறுவர் விடுதியில் ஒத்துணர்வைக் கற்பித்தல்

ஊசி போட வரும் தாதியும், பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாயும், பக்கத்துக் கட்டில் அம்மம்மாவும் ஒரே குரலில் சொல்லும் வசனம் ஒன்று இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில், வைத்தியசாலைகளின் சிறுவர் விடுதிகளில் உண்டு: "எறும்பு கடிக்கிற மாதிரித்தான் இருக்கும்." நானும் பல ஆண்டுகள் அதைச் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை காய்ச்சலோடு வந்திருந்த நாலு வயதுச் சிறுவன் ஒருவன், அதைக் கேட்டதும் அழுகையை நிறுத்திவிட்டு, என் கையிலிருந்த சிறிஞ்சை உற்றுப் பார்த்து, "மிஸ், உதுக்குள்ளை எறும்பு கிடக்கோ?" என்று கேட்டான். அவனுடைய வீடு மாமரங்கள் நிறைந்த வளவுக்குள் இருந்தது என்பதையும், முந்திய கிழமைதான் முசுறு எறும்புக் கூடொன்று தலையில் விழுந்து உடம்பெல்லாம் கடிபட்டு அவன் கத்திக்கொண்டு ஓடினான் என்பதையும் தாய் பிறகு சொன்னார். அவனை ஆற்றுவதற்காக நான் எடுத்த சொல், அவன் அறிந்திருந்த நோவுகளுள் மிகப் பெரியதை அவன் கண்முன் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

அன்றைக்கு என்னிடம் அன்பு இருந்தது, போதிய நேரமும் இருந்தது. நான் சொல்லப்போவது இந்தப் பிள்ளையின் காதில் எப்படி விழும் என்று ஒரு கணம் நின்று கேட்டுப்பார்க்கும் பழக்கம் மட்டும் இருக்கவில்லை. அந்தப் பழக்கத்தைத்தான் தாதியக் கல்வியில் ஒத்துணர்வு என்கிறோம். தாதியர் கல்லூரிக்குப் புதிதாக வந்திருக்கும் மாணவருக்கும், விடுதியில் அவர்களுக்கு வழிகாட்டும் மூத்த தாதியருக்கும், பிள்ளையோடு வைத்தியசாலையில் தங்க நேரும் பெற்றோருக்கும் இந்தச் சொல்லின் பொருளையும், அதை எவ்வாறு கற்பிக்கலாம் என்பதையும் எளிமையாக விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

இரக்கம், அனுதாபம், ஒத்துணர்வு

இம்மூன்று சொற்களும் அன்றாடப் பேச்சில் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்துவிடுகின்றன. விடுதியிலோ அவற்றின் வேறுபாடு உடனே தெரிந்துவிடும். கொதிநீர் ஊற்றுண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறார்கள். அதைக் கண்டதும் நெஞ்சு பதறுகிறதே, அது இரக்கம். அது தானாக வருவது, வரவேண்டியதும் கூட. அந்தப் பதற்றத்தில் "ஐயோ பாவம், இந்தப் பிஞ்சு உடம்புக்கு இப்படியா வரவேணும்" என்று வாய் சொல்லிவிடுகிறதே, அது அனுதாபம். சொன்னவருக்கு மனப்பாரம் சற்றுக் குறையும். கட்டிலருகில் நிற்கும் தாய்க்கோ, என் பிள்ளை தப்பாது என்று இந்த மிஸ் நினைக்கிறாவோ என்ற ஐயம் அந்த ஒரு சொல்லிலிருந்து முளைத்துவிடும். அடுப்படியில் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டேனே என்று ஏற்கெனவே தன்னைத்தானே கடிந்துகொண்டிருப்பவருக்கு அது குற்றச்சாட்டாகவும் கேட்கும். ஒத்துணர்வு செய்யும் வேலை வேறு. இந்தப் பிள்ளைக்கு இந்த நேரத்தில் எது பெரிய பயம், நோவா, அம்மாவை வெளியே அனுப்பிவிடுவார்களோ என்பதா, கட்டைப் பிரிக்கும்போது தோலும் சேர்ந்து வந்துவிடுமோ என்பதா என்று தேடிப் பார்த்து, கேட்டு, தான் விளங்கிக்கொண்டது சரிதானா என்று பிள்ளையிடமே உறுதிப்படுத்தி, அதற்கேற்பத் தன் கையையும் குரலையும் மாற்றிக்கொள்வதே ஒத்துணர்வு.

"தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்ற பழமொழியை அறியாதவர் நம்மில் இல்லை. ஒருவர் படும் துன்பத்தைத் தானும் படாதவர் அறியவே முடியாது என்று அது அடித்துச் சொல்கிறது. அதை அப்படியே ஏற்றுக்கொண்டால், இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளையைப் பராமரிப்பதற்கு அந்நோய் வந்து தப்பிய ஒருவரைத்தான் தேடிப் பிடிக்கவேண்டியிருக்கும். தாதியக் கல்வி இதற்கு எதிரான ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: தனக்கு வராத தலையிடியையும் முயன்றால், வேலைக்குப் போதுமான அளவுக்கு அறிந்துகொள்ளலாம், அந்த முயற்சியைப் படிப்படியாகப் பழக்கவும் முடியும்.

ஆங்கிலத்திலும் இக்கருத்துக்குரிய சொல் மிக இளையதுதான். ஓவியத்தையோ சிற்பத்தையோ பார்ப்பவர் தம் உணர்வை அதனுள் செலுத்திப் பார்ப்பதைக் குறித்த ஜெர்மன் சொல்லொன்றை, உளவியலாளர் எட்வேர்ட் டிச்சனர் 1909 ஆம் ஆண்டில் 'எம்பதி' என்று ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். அதை உதவித் தொழில்களின் நடுவே கொண்டுவந்து வைத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க உளவளத்துறை அறிஞர் கார்ல் ரோஜர்ஸ். அவர் 1957 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில், மற்றவரின் அகவுலகைத் தன்னுடையதைப் போல உணரவேண்டும், ஆனால் அந்தப் 'போல' என்பதை ஒருபோதும் இழந்துவிடக்கூடாது என்ற பொருள்பட விளக்கினார். மாணவருக்கு நான் இந்த இடத்தில் நின்றுதான் அதிக நேரம் பேசுவதுண்டு. பிள்ளையின் நோவு என் நோவைப் போன்றது. என் நோவாகவே ஆகிவிட்டால், அதன் கையைப் பிடித்து மருந்து ஏற்ற என்னால் முடியாது. 'போல' என்பதை இழந்த தாதி கட்டிலருகில் நின்று தாயோடு சேர்ந்து அழுகிறார். 'போல' என்பதை மட்டும் வைத்துக்கொண்டு உணர்வை விட்டுவிட்டவர் பாடமாக்கிய வசனத்தை ஒப்பிக்கிறார். இரண்டையும் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுகின்றன.

தாதியத்துக்குள் இச்சொல்லைத் தெளிவாக வரையறுத்தவர் தெரேசா வைஸ்மன். 1996 ஆம் ஆண்டில் வெளிவந்த தம் ஆய்வில் அவர் நான்கு இயல்புகளை எடுத்துக்காட்டினார்: மற்றவர் பார்க்கும் விதத்தில் உலகைப் பார்த்தல், தீர்ப்புச் சொல்லாதிருத்தல், மற்றவரின் உணர்வை விளங்கிக்கொள்ளல், விளங்கிக்கொண்டதை அவருக்குத் தெரிவித்தல். புதிய மாணவர் பெரும்பாலும் வழுக்கி விழுவது நான்காவதில். அவர்களுள் பலர் நல்ல மனமுடையவர்கள், பிள்ளையின் பயம் அவர்களுக்கு நன்றாகவே விளங்குகிறது. ஆனால் அது விளங்கியது என்பது பிள்ளைக்குத் தெரிவதில்லை. மனத்துக்குள் வைத்திருக்கும் ஒத்துணர்வு பிள்ளையின் நோவைத் துளியும் குறைக்காது. குனிந்து கண் மட்டத்துக்கு வந்து, "அம்மா வெளியிலை போயிடுவாவோ எண்டு பயமாயிருக்கோ?" என்று கேட்கும்போதுதான் அது பராமரிப்பாகிறது.

பிள்ளைக்கு வைத்தியசாலை எப்படித் தெரிகிறது

வளர்ந்த நோயாளர் தமக்கு எங்கே நோகிறது, எதற்குப் பயம் என்று ஓரளவு சொல்லிவிடுவார். பிள்ளைகளின் பயம் பெரும்பாலும் சொல்லாக வெளிவருவதில்லை. உடம்பாகவும் நடத்தையாகவும் வருகிறது. ஆகவே பிள்ளைகளைப் பராமரிக்கும் தாதிக்கு ஒத்துணர்வோடு வளர்ச்சிப் பருவங்களைப் பற்றிய அறிவும் சேர்ந்தே வேண்டும். அந்த அறிவு இல்லாத நல்லெண்ணம் எப்படி ஏமாறும் என்பதற்கு என்னையே எடுத்துக்காட்டாகத் தரமுடியும்.

நான் மாணவியாக விடுதிப் பயிற்சியில் இருந்த காலத்தில் மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒன்று அனுமதிக்கப்பட்டிருந்தது. தாய்க்கு வீட்டில் கைக்குழந்தை. ஆகவே தூரத்து உறவான மாமி ஒருவர் பகலில் வந்து இருப்பார், இரவில் அவரும் இருப்பதில்லை. முதல் நாள் முழுவதும் பிள்ளை வாசலைப் பார்த்துக் கதறியது. இரண்டாம் நாள் முனகியது. மூன்றாம் நாள் அழவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டது, ஊசிக்குக் கையை நீட்டியது, யாரையும் பார்த்துச் சிரிக்கவுமில்லை. விடுதியில் எல்லோருக்கும் நிம்மதி. "பிள்ளை பழகிவிட்டது" என்று நான் மகிழ்ச்சியோடு குறிப்பில் எழுதினேன். நாலாம் நாள் தாய் ஓடிவந்து தூக்கப் போனபோது, அது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது. தாய் அழுததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளைக்குக் கோபம் என்று மட்டும் நினைத்தேன்.

அந்த மூன்று நாள்களுக்கும் பெயர் இருக்கிறது என்பதைப் பிறகுதான் படித்தேன். பிரித்தானியாவில் ஒரு காலத்தில் பிள்ளைகளை விடுதியில் ஒப்படைத்துவிட்டுப் பெற்றோர் போய்விடவேண்டும். வந்து பார்க்க மிகக் குறைந்த நேரமே கிடைக்கும். அந்த வழக்கத்தின் விளைவைக் காட்டுவதற்காக ஜேம்ஸ் ரொபேட்சன் என்பவர் இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி வைத்தியசாலையில் இருந்த எட்டு நாள்களைப் படமாக்கி 1952 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவரும் உளமருத்துவர் ஜோன் பௌல்பியும் தாயைப் பிரிந்த சிறு பிள்ளைகளிடம் மூன்று நிலைகளைக் கண்டறிந்தனர்: முதலில் எதிர்ப்பு, அடுத்து நம்பிக்கையிழப்பு, கடைசியில் ஒட்டுதலை விட்டு விலகல். மூன்றாவது நிலை வெளிப்பார்வைக்கு அமைதியாகத் தெரியும். நான் பழகிவிட்டது என்று எழுதியது, பிள்ளை தாயை எதிர்பார்ப்பதைக் கைவிட்டுக்கொண்டிருந்ததைத்தான். 1959 ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசின் பிளாட் குழு, பெற்றோர் வரும் நேரத்தைக் கட்டுப்படுத்தக்கூடாது என்றும், சிறு பிள்ளைகளோடு தாயும் தங்க வசதி செய்யவேண்டும் என்றும் பரிந்துரைத்தது. நம் விடுதிகளில் தாயோ அம்மம்மாவோ கட்டிலோடு கூடவே இருப்பது நமக்கு இயல்பாகத் தெரிகிறது. அது எத்துணை பெரிய மருந்து என்பதை அது இல்லாதபோதுதான் காண்கிறோம். ஆகவே சத்தமில்லாத பிள்ளையிடம்தான் முதலில் போகவேண்டும் என்று நான் இன்று மாணவருக்குச் சொல்கிறேன்.

நாலு முதல் ஏழு வயது வரையான பிள்ளைகளின் சிந்தனை இன்னொரு விதமானது. இவ்வயதில் பிள்ளை காரணத்தையும் விளைவையும் தன்னை நடுவில் வைத்தே கோத்துக்கொள்கிறது. தான் செய்த பிழைக்குத் தண்டனையாகத்தான் நோய் வந்தது என்று நம்பும் பிள்ளைகள் பல. இதன் மேல் நாம் வேறு எண்ணெய் ஊற்றுகிறோம். "குழப்படி செய்தா மிஸ்ஸிட்டைச் சொல்லி ஊசி போடுவிப்பன்" என்று வீட்டிலும் விடுதியிலும் எத்தனை முறை சொல்லப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். அப்படி வளர்ந்த பிள்ளைக்கு ஊசியோடு வரும் தாதி தண்டனை நிறைவேற்ற வருபவர். இதை மாற்றுவதற்குத் தாயை அதட்டிப் பயனில்லை. "ஊசி குழப்படிக்குப் போடுறேல்லை. உன்ரை நெஞ்சுச் சளிக்குப் போடுறது. நீ ஒரு பிழையும் செய்யேல்லை" என்று பிள்ளைக்குச் சொல்லும்போது தாயும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

பாடசாலை வயதுப் பிள்ளைகளுக்கு ஏன், எப்படி என்ற விளக்கமும், செய்வதற்கு ஒரு சிறு பொறுப்பும் கொடுத்தால் பெரும்பாலும் போதும். பதின்ம வயதினருக்குத் திரைச்சீலையை இழுத்து மூடுவதே முதல் ஒத்துணர்வு. தம்மைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துச் சொல்லவும் அது கவனத்தில் எடுக்கப்படவும் பிள்ளைக்கு உரிமை உண்டு என்கிறது 1989 ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12 ஆம் உறுப்புரை. இலங்கை அதனை 1991 இல் ஏற்றுக்கொண்டது.

கட்டிலருகே இருப்பவர்

வன்னியில் பிள்ளையின் கட்டிலருகே இருப்பவர் தாயாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. தாய் வெளிநாட்டில் வேலைக்குப் போயிருக்கலாம். தந்தை போரில் இல்லாமற் போயிருக்கலாம். பிள்ளையை வளர்ப்பவர் அம்மம்மாவாகவோ பெரியம்மாவாகவோ இருக்கலாம். "அப்பா எங்கை?" என்ற கேள்வியை விடுதிக்குள் எல்லோர் முன்னும் சாதாரணமாகக் கேட்டுவிட்டு, அதன் பின் வந்த மௌனத்தில் திகைத்து நின்ற மாணவர்களை நான் கண்டிருக்கிறேன். "பிள்ளையோடை வீட்டிலை ஆர் ஆர் இருக்கிறியள்?" என்று கேட்டால் அதே தகவல் கிடைக்கும், யாரையும் காயப்படுத்தாது.

தூரமும் ஒரு பெருஞ்சுமை. முல்லைத்தீவின் கரையோரக் கிராமமொன்றிலிருந்து வந்த பிள்ளையை யாழ்ப்பாணத்துக்கு மாற்றவேண்டுமென்றால், அது 100 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம். "மேலதிக சிகிச்சைக்கு அனுப்புகிறோம்" என்பது நமக்கு ஒரு நடைமுறைச் சொல். அம்மம்மாவுக்கோ கையில் எவ்வளவு காசு இருக்கிறது, வீட்டில் நிற்கும் மற்றப் பிள்ளைகளை யாரிடம் விடுவது, காலபோக நெல் வெட்டுக்குக் கிடக்கும் நேரத்தில் வயலை யார் பார்ப்பது என்ற கேள்விகள் ஒன்றாக வந்து மோதும். அவர் "வேண்டாம், வீட்டை கொண்டுபோறம்" என்று சொன்னால் அறியாமை என்று முடிவுகட்டிவிடுவது எளிது. வைஸ்மன் சொன்ன தீர்ப்புச் சொல்லாதிருத்தல் சோதிக்கப்படுவது இங்கேதான். மறுப்புக்குப் பின்னால் இருக்கும் கணக்கைக் கேட்டறிந்தால், பாதிச் சிக்கல்களுக்கு அந்த இடத்திலேயே வழி இருக்கும்.

மொழியையும் மறந்துவிடக்கூடாது. வவுனியா போன்ற இடங்களில் தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்களின் பிள்ளைகள் ஒரே விடுதியில் அடுத்தடுத்த கட்டில்களில் படுத்திருக்கும். தாதியின் மொழி தெரியாத பிள்ளைக்கு, நோவோடு தனிமையும் சேர்கிறது. நோகிறதா, தண்ணீர் வேண்டுமா, அம்மா இதோ வருகிறார் என்ற மூன்று வசனங்களையாவது மற்ற மொழியில் சரியான உச்சரிப்போடு மாணவர் பழகிவைத்திருக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

எப்படிப் பழக்குவது

ஒத்துணர்வைப் பற்றி விரிவுரை நடத்தினால் மாணவர் வரைவிலக்கணத்தைப் பாடமாக்குவர், பரீட்சையில் எழுதுவர், விடுதியில் பழையபடியே நடப்பர். ஆகவே உடம்பினாலும் வாயினாலும் பழகவேண்டியவற்றிலிருந்து தொடங்குவது நல்லது. நான் முதல் செய்யவைப்பது மிக எளிய பயிற்சி. மாணவர் ஒருவர் கைத்தொலைபேசியைக் கொடுத்துவிட்டு, பயிற்சி அறைக் கட்டிலில் அரை மணித்தியாலம் மல்லாந்து படுக்கவேண்டும். ஒரு கையைப் பலகையோடு சேர்த்துக் கட்டிவிடுவோம். மற்ற மாணவர் முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்து, அவர் மேலாகக் குனிந்து, அவரைப் பற்றி ஆங்கிலத்தில் தமக்குள் கதைத்துவிட்டு, அவரிடம் ஒன்றும் சொல்லாமல் போய்விடவேண்டும். எழுந்து வரும் ஒவ்வொருவரும் சொல்வது வேறுவேறாக இருக்கும். ஒருவர் மேலே சுற்றிய மின்விசிறி தன் மேல் விழுந்துவிடுமோ என்று பயந்தேன் என்பார். இன்னொருவர், சிரித்தார்களா முறைத்தார்களா என்று முகக்கவசத்துக்கு மேல் தெரிந்த கண்ணை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பார். அதன் பின் அவர்களில் யாரும் பிள்ளையின் தலைக்கு மேலாக நின்று கதைப்பது குறைந்துவிடுகிறது.

அடுத்தது சொற்பயிற்சி. இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் பிள்ளையாகவும் மற்றவர் தாதியாகவும் நடிக்கவேண்டும்; மூன்றாமவர் அம்மம்மாவாகவும் வரலாம். விலக்கவேண்டிய முதற் சொல் "நோகாது". உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசி நோவைக் குறைப்பது பற்றி 2015 இல் வெளியிட்ட வழிகாட்டலிலும், நோகவே நோகாது என்பன போன்ற உண்மையல்லாத ஆறுதல்களைத் தவிர்க்குமாறு கூறப்பட்டுள்ளது. நோகாது என்று சொல்லி ஊசி போட்ட தாதியை அடுத்த முறை பிள்ளை நம்பாது. அவர் வெப்பமானியோடு வந்தாலும் அலறும். மாறாக, "கொஞ்ச நேரம் நோகும். நான் பத்து எண்ணுறதுக்கிடையிலை முடிஞ்சிடும். அழவேணும்போல இருந்தா அழு, கையை மட்டும் ரெண்டு பேருமாப் பிடிச்சு வைச்சிருப்பம்" என்று சொல்லிப் பழகவேண்டும். எண்ணத் தொடங்கினால் பத்துக்குள் முடிக்கவும் வேண்டும். முடியாதென்றால் இருபது என்று முதலே சொல்லவேண்டும்.

பிள்ளையைப் பிடிக்கும் முறையும் ஒரு மொழிதான். கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து நான்கு பேர் கைகால்களை அமுக்கிப் பிடிப்பது பிள்ளைக்குத் தாக்குதலாகத் தெரிகிறது. இயன்றவரை தாயின் மடியில் நிமிர்த்தி இருத்தி, நெஞ்சோடு அணைத்தபடி, வேண்டிய கையை மட்டும் வெளியே எடுத்துக்கொள்ளலாம். கைக்குழந்தையென்றால் ஊசி போடும் வேளையில் தாய்ப்பால் கொடுப்பது நோவைக் குறைக்கும் என்பதும் அதே வழிகாட்டலில் உள்ளது. இவற்றுக்குப் பணம் தேவையில்லை. தாயை வெளியே போகச் சொல்லும் பழைய வழக்கத்தைக் கைவிட்டால் போதும்.

நோவை அளக்கும் கருவிகளையும் நான் ஒத்துணர்வுப் பாடத்திலேயே கற்பிக்கிறேன். இரண்டு மாதம் முதல் ஏழு வயது வரை பயன்படும் ஃபிளாக் அளவை முகம், கால்கள், உடலசைவு, அழுகை, ஆற்றும்போது ஆறுகிறதா என்ற ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை புள்ளியிட்டு, மொத்தம் பத்துக்கு அளக்கிறது. மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆறு முகங்கள் வரைந்த வோங்-பேக்கர் அட்டை உண்டு. அந்த அட்டையைத் தாதி கையில் பிடித்துக்கொண்டு, பிள்ளையின் முகம் எந்தப் படத்தைப் போல இருக்கிறது என்று தானே ஒப்பிட்டுப் புள்ளியிடுவது பரவலான பிழை. முகத்தைத் தெரிவுசெய்யவேண்டியது பிள்ளை. அழும் முகத்தைச் சிரித்துக்கொண்டே தொட்டுக்காட்டும் பிள்ளையை நம்புவதற்குத் தாதி பழகவேண்டும்.

விடுதி நாள் முடிந்ததும் ஒரு பக்கம் எழுதுவது அடுத்த படி. கிரஹாம் கிப்ஸ் 1988 இல் முன்வைத்த மீளாய்வு வட்டம் இதற்கு உதவும்: என்ன நடந்தது, என்ன உணர்ந்தேன், எது நன்றாயிருந்தது எது இல்லை, ஏன் அப்படி, வேறென்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்வேன். "இன்று ஒரு பிள்ளையோடு ஒத்துணர்வோடு நடந்துகொண்டேன்" என்று எழுதப்பட்ட பக்கங்களை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பிள்ளை சொன்ன ஒரு சொல்லாவது, செய்த ஒரு அசைவாவது பக்கத்தில் இருக்கவேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் தேய்ந்துபோகும் ஆபத்து உண்டு. அமெரிக்காவில் மருத்துவ மாணவரை ஆராய்ந்து ஹோஜாட் குழுவினர் 2009 இல் வெளியிட்ட முடிவு, நோயாளரோடு நேரடியாக வேலை தொடங்கும் மூன்றாம் ஆண்டில் ஒத்துணர்வு குறைகிறது என்பது. நம் தாதிய மாணவரிடத்திலும் இதை நான் கண்ணால் காண்கிறேன். முதலாம் ஆண்டில் பிள்ளையின் பெயரைச் சொன்னவர், மூன்றாம் ஆண்டில் கட்டில் இலக்கத்தைச் சொல்கிறார். இதற்கு மாணவரை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. ஆட்பற்றாக்குறை உள்ள விடுதியில், பிழை விட்டதற்காகப் பிள்ளைகளின் முன்னே அதட்டப்பட்டு, இரவுக் கடமை முடிந்து சாப்பிடாமல் வகுப்புக்கு வரும் மாணவி எங்கிருந்து எடுத்துக் கொடுப்பார்? அழுதுகொண்டு வந்த மாணவியிடம் "தாதி எண்டா அழக்கூடாது" என்று சொல்லும் ஆசிரியர், அழும் பிள்ளையிடம் என்ன சொல்லவேண்டும் என்பதையும் அந்த நிமிடத்தில் கற்பித்துவிடுகிறார்.

வன்னிக்கே உரிய ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். இன்று இருபத்தொரு, இருபத்திரண்டு வயதில் கல்லூரிக்கு வரும் நம் மாணவர் பலர், போர் முடிந்த 2009 இல் நாலைந்து வயதுப் பிள்ளைகள். பதுங்குகுழியும் இடப்பெயர்வும் முகாமும் அவர்களுக்குக் கேட்ட கதைகளல்ல. பழமொழி சொல்லும் தலையிடி அவர்களுக்கு வந்தே விட்டது. அப்படியென்றால் ஒத்துணர்வு தானாக வந்துவிடுமா என்றால், வருவதும் உண்டு, வழிமாறுவதும் உண்டு. "நாங்கள் படாத பாடா, உதுக்கெல்லாம் அழலாமோ" என்று ஊசிக்கு அழும் பிள்ளையைப் பார்த்துச் சொல்லிவிடுபவர் உண்டு. தகப்பனற்ற பிள்ளையைக் கண்டதும் தன் கதைக்குள் போய்விட்டு, அந்தப் பிள்ளை தன்னைப் போலவேதான் உணர்கிறது என்று முடிவுசெய்துவிடுபவரும் உண்டு. அவர் பார்ப்பது கட்டிலில் இருக்கும் பிள்ளையை அல்ல, பழைய தன்னை. ரோஜர்ஸின் 'போல' இவர்களுக்குத்தான் மிக அவசியம். இத்தகைய மாணவரைக் கதையை எல்லோர் முன்னும் சொல்லும்படி நான் ஒருபோதும் கேட்பதில்லை. தனியே வந்து பேச ஒரு கதவு திறந்திருக்கிறது என்று சொல்லிவைப்பேன். சில நாள்களில் சில விடுதிக் கடமையிலிருந்து விலக்கும் கொடுப்பேன்.

அண்மையில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் எழுதிக்கொண்டு வந்த பக்கம் இது. காய்ச்சலோடு வந்த ஆறு வயதுப் பெண்பிள்ளைக்குக் கனுலா, அதாவது நரம்பு வழியே மருந்து ஏற்றும் சிறு குழாய், போடவேண்டியிருந்தது. மருத்துவருக்கு உதவியாக நின்றவர் இந்த மாணவி. நல்ல நரம்பு வலக்கையில்தான் தெரிந்தது. அந்த மணிக்கட்டில் கோயிலில் கட்டிய நூலொன்று, மூன்று சுற்று, மஞ்சள் மங்கிப்போய் இருந்தது. தட்டில் கத்தரிக்கோல் இருந்தது. வெட்டுவதற்கு இரண்டு விநாடி போதும். மாணவி கட்டிலருகே முழந்தாளிட்டு, "இது ஆர் கட்டினது?" என்று பிள்ளையிடம் கேட்டிருக்கிறார். அம்மம்மா கட்டியது என்றும், அதைக் கழற்றினால் காய்ச்சல் திரும்பி வந்துவிடும் என்றும் பிள்ளை சொல்லியிருக்கிறது. கையை நெஞ்சோடு ஒட்டிவைத்திருந்ததற்குக் காரணம் ஊசிப் பயம் என்றே அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். மாணவி மருத்துவரிடம் ஒரு நிமிடம் கேட்டு வாங்கினார். பக்கத்தின் கடைசி இரு வரிகளை அவருடைய கையெழுத்திலேயே பார்த்துப் பிரதி செய்கிறேன்: "நூலை வெட்டாமல் அவிழ்த்து இடக்கைக்கு மாற்றினோம். முடிச்சை அம்மம்மாவே போட்டார்; அதன் பிறகு பிள்ளை வலக்கையைத் தானாக நீட்டியது."